டூவீலர் கேள்வி-பதில்: நட்டு முறுக்கினால் சக்கரம் ஏன் இறுகுகிறது?

கேள்வி: பைக்கின் முன்சக்கரத்தில் இரண்டு பேரிங்கையும் புதிதாக மாற்றினேன். கையால் சுற்றினால் லேசாக ஓடுகிறது. ஆக்ஸில் நட்டை முழுதாக முறுக்கினால் பிடித்துக்கொள்கிறது. 'கொஞ்சம் லூசாக விட்டுவிடுங்கள், ஓட ஓடச் சரியாகும்' என்கிறார்கள். விடலாமா?
– கரூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு அந்த நட்டு இறுகியே ஆக வேண்டும். அந்த இறுக்கத்தைத் தாங்கத்தான் ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது. ஸ்பேசர் என்றும் டிஸ்டன்ஸ் பீஸ் என்றும் சொல்வது அதைத்தான். ஃபோர்க், வெளிப்புஷ் (பேரிங்குக்கு வெளியே மாட்டும் குட்டைக் குழாய்), பேரிங்கின் உள்வளையம், ஸ்பேசர், மறுபக்க உள்வளையம், புஷ், ஃபோர்க் எல்லாம் இடைவெளி இல்லாமல் முட்டி நின்றால் இறுக்கம் அந்த வழியே போய்விடும், பேரிங்கின் குண்டுகளைத் தொடாது. நடுவில் எங்காவது இடைவெளி இருந்தால், நட்டு உள்வளையத்தை உள்ளே இழுக்கும். வெளிவளையமோ ஹப்பில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். அதுதான் உங்கள் சக்கரத்தில் நடக்கிறது.

ஆனால் பேரிங்கைக் கழற்றுவதற்கு முன் வெளியே உள்ளதைப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கியரின் காது ஹப்பின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் முறுக்கினாலும் இதே மாதிரி பிடிக்கும். ட்ரம் பிரேக் என்றால் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க் காதில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் தீர, சக்கரத்தைத் தனியே எடுத்து, ஆக்ஸிலைச் செருகி, இருபக்கமும் உள்வளையத்தில் மட்டும் படுகிற பைப் துண்டுகளைக் கோத்து நட்டை முறுக்குங்கள். அப்போதும் பிடித்தால் கோளாறு ஹப்புக்குள்ளேதான்.

உள்ளே என்றால் ஆக்ஸிலை உருவிவிட்டு, பேரிங் துளை வழியாக விரலை விட்டு ஸ்பேசரை அசையுங்கள். சற்றே உராய்ந்து மேலும் கீழுமாக நகர வேண்டும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 'டக் டக்' என்று ஆடினால், இரண்டாவது பேரிங் ஸ்பேசரைத் தொடும் முன்பே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். வெளிவளையம் ஹப்பின் தோளில் (துளைக்குள் பேரிங் முட்டி நிற்கும் படி) முட்டிய பிறகும் ஆடுகிறது என்றால் ஸ்பேசர் முனை தேய்ந்து குட்டையாகிவிட்டது. வெர்னியரால் அளந்து பாருங்கள்: இரண்டு தோள்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட ஸ்பேசர் மயிரிழையாவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் புதிது வாங்குங்கள். வாஷர் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

நட்டு இல்லாமலே சக்கரம் கனமாகச் சுற்றினால் கதை தலைகீழ்: இரண்டாவது பேரிங்கை அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்கள். வெளிவளையம் தோள் வரை போய்விட, ஸ்பேசர் உள்வளையத்தை வெளியே தள்ளுகிறது.

கேள்வி: புது பேரிங் போட்டுச் சில வாரங்களிலேயே திரும்பவும் 'உய்ய்' என்ற சத்தம். பேரிங் டூப்ளிகேட்டா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல பேரிங்கையும் சுத்தியலால் கெடுக்கலாம். உள்வளையத்தில் அடித்தால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகவே போகும். அவை ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளம் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு சத்தம் போடும். எனவே அழுத்துவது எப்போதும் வெளிவளையத்தில் மட்டும். அதைவிட ஒரு நூல் சிறிய சாக்கெட் போதும். பழைய பேரிங்கையே மேலே வைத்தும் தட்டலாம்.

ஹப்பைச் சூடாக்கினால் வேலை பாதியாகும். 37 மி.மீ. பேரிங் உட்காரும் அலுமினியத் துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.07 மி.மீ. விரியும். ஹீட் கன் போதும், நேரடி நெருப்பு வேண்டாம். பேரிங்கைப் பாலிதீனில் சுற்றி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். முதல் பேரிங்கைத் தோள் வரை இறக்குங்கள் (எந்தப் பக்கம் முதலில் என்பது கையேட்டில் இருக்கும், சக்கரத்தின் இருப்பைத் தீர்மானிப்பது அந்தப் பக்கம்தான்). திருப்பிப் போட்டு ஸ்பேசரை வையுங்கள். இதை மறந்து மறுபக்கத்தை மூடினால் புது பேரிங்கை அடித்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தது மறுபடி உதவாது. இரண்டாவதை ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். ஆயில் சீல் புதிது போட்டு, அதன் உதட்டில் கிரீஸ் தடவுங்கள்.

ஹப் துளை லூசாகிவிட்டால் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி டைட் செய்வது வழக்கம். சில நாள் தாங்கும், அவ்வளவுதான். லேத்தில் ஸ்லீவ் போடுங்கள், இல்லையேல் ஹப்பை மாற்றுங்கள்.

கேள்வி: 6301 என்ற எண்ணுள்ள பேரிங்கில் ஒன்றின் மேல் 2ஆர்எஸ், இன்னொன்றில் இசட்இசட் என்று இருக்கிறது. எது நல்லது?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: சக்கரத்துக்கு 2ஆர்எஸ். இருபக்கமும் ரப்பர் சீல், உள்ளே கிரீஸ் நிரப்பியே வரும், பெட்ரோலில் கழுவாதீர்கள். இசட்இசட் தகர மூடிதான், மழைத்தண்ணீர் புகும். இரண்டுக்கும் அளவு ஒன்றே: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மி.மீ. வாட்டர் வாஷில் பிரஷர் பைப்பை ஹப்புக்கு நேரே பிடித்தால் எந்த சீலும் தாங்காது.

கேள்வி: பின்சக்கரம் பஞ்சர் ஒட்டி மாட்டிய பிறகு ஒரு சின்னப் புஷ் மிச்சம். ஓட்டலாமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: ஓட்டாதீர்கள். செயின் ஸ்ப்ராக்கெட் உட்காரும் பகுதிக்கென்று பல வண்டிகளில் தனியாக மூன்றாவது பேரிங் உண்டு. அதன் புஷ்ஷாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இல்லாமல் முறுக்கினால் அந்தப் பேரிங் நசுங்கும், ஸ்ப்ராக்கெட் கோணலாகி செயின் ஒருபக்கமாகத் தேயும். ஆக்ஸிலை உருவி, பார்ட்ஸ் படத்தைப் பார்த்து வரிசையாகக் கோத்து மாட்டுங்கள்.