தம்பியைத் திட்டிவிட்டு நற்கருணைக்குப் போகலாமா?

வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி வாடகைப் பணத்தைச் செலவழித்துவிட்டான், அவனைத் “தண்டச்சோறு” என்று திட்டிவிட்டேன், இனி நற்கருணைக்கு (தேவாலயத்தில் இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் சடங்கு) போகலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் தம்பியிடம் மன்னிப்புக் கேளுங்கள், அப்புறம் நற்கருணைக்குப் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று பைபிளில் மத்தேயு 5:23-24 வரிசையையே சொல்லிவிடுகிறது. “தண்டச்சோறு” என்று சொன்னதற்கு நேரில்தான் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சண்டையெல்லாம் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்ததும்தான் வருகிறது. பாதிக் கோபம் தம்பிமேல் இல்லை போலிருக்கிறது. ஒரு வாரம், முகம் கழுவிக் காபி குடிக்கும்வரை அவன் வேலை தேடுவதைப் பற்றிப் பேசாமல் இருந்து பாருங்கள். அதற்கப்புறமும் வாயில் வருவது அவனுக்குப் பயன்படுமா? எபேசியர் 4:29 கேட்பது அதைத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் விழுங்கச் சொல்லவில்லை. வாடகைப் பணத்தை அவன் செலவழித்தது தப்புதான். மத்தேயு 18:15 சொல்கிறபடி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அறை நண்பர்கள் முன்னால் வேண்டாம்.