மாரிகாலத்துப் படங்கள்: வாசகர் கேள்வி பதில்

வாடைக் காற்று கிளம்பியதும் கமராவை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். திருகோணமலைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. தம்பலகாமத்து வயல்கள் பச்சை பிடிப்பதும், குளங்கள் நிரம்புவதும், தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்குவதும் அதே மாதங்களில்தான். இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் மாரியைப் பற்றியே இருந்தது மகிழ்ச்சி. பதில்களுக்குப் போவோம்.

கேள்வி: விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே மப்பு. டச்சுக்குடாக் கரையில் எடுக்கும் படங்கள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் வருகின்றன. வானம் வெளுத்து, மணலும் பாறையும் கறுத்துப் போகின்றன. கமராவில் கோளாறா?
கல்லூரி மாணவர், உப்புவெளி

கோளாறு எதுவும் இல்லை. கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் காட்டத்தான் கணக்குப் போடும். சட்டகத்தில் பாதிக்கு மேல் வெளுத்த வானம் இருந்தால், "வெளிச்சம் கூடிப்போயிற்று" என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். அதனால் கீழே உள்ளதெல்லாம் இருண்டுபோகிறது. எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு) +0.7 முதல் +1.3 வரை ஏற்றிப் பாருங்கள். நனைந்த கரும்பாறையோ சேற்று எருமையோ சட்டகத்தை நிறைத்தால் இதற்கு எதிராக −0.7 வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு வெளிறிப்போகும்.

ஆனால் இதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று உண்டு. வானத்தைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள். மப்பு வானம் என்பது ஊருக்கு மேலே கட்டிய வெள்ளைத் துணிப் பந்தல். அதன் கீழே ஒளி எல்லாப் பக்கமிருந்தும் இதமாக இறங்குகிறது, கடும் நிழல் விழுவதில்லை. மரப்பட்டை, பாசி, நனைந்த இலை, பாறையில் உப்புநீர் வரைந்த கோடுகள் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கோடையில் கிடைக்காது. பந்தலைப் படம் எடுக்க வேண்டியதில்லை, பந்தலுக்குக் கீழே இருப்பதை எடுங்கள். மழைக்கு முன் கருமேகம் வரிவரியாகத் திரண்டு நிற்கும்போது மட்டும் வானத்துக்கு இடம் கொடுக்கலாம். அப்போது ஒளியளவை மேகத்துக்கே பொருத்துங்கள், கரை இருண்டாலும் பரவாயில்லை.

நிறம் நீலம் தட்டினால் வெள்ளைச் சமநிலையை 'மேகமூட்டம்' என்ற நிலைக்கு மாற்றுங்கள். போலரைசர் பில்ற்றர் (பளபளப்பை வெட்டும் கண்ணாடி) இருந்தால் லென்ஸின் முன்னே மாட்டி, நனைந்த இலையைப் பார்த்தபடி திருப்பிப் பாருங்கள். மேலே படிந்த வெள்ளைப் பளபளப்பு விலகி உள்ளே இருக்கும் பச்சை வெளிவரும். அது ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு படி வரை (ஒரு படி என்றால் ஒளி பாதியாவது) தின்றுவிடும் என்பதால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளியுணர்வை, அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கைபேசி மட்டும்தான். மழை பெய்வதைப் படத்தில் காட்ட முடியவில்லை. மழை கொட்டுகிறது, படத்தில் ஒரு துளியும் இல்லை.
இல்லத்தரசி, கிண்ணியா

மழை தெரிவதற்கு இரண்டு விடயம் வேண்டும். பின்னால் இருட்டு இருக்க வேண்டும், ஒளி மழைக்குப் பின்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரவேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே பிடித்தால் துளி கரைந்துபோகும். மாமரத்தின் அடர்ந்த நிழல், திறந்து கிடக்கும் கதவின் உள்ளிருட்டு, நனைந்த மதில் இவற்றில் ஒன்றைப் பின்னணியாக்குங்கள்.

பெரிய துளி ஒரு செக்கனில் 6 முதல் 9 மீற்றர் வரை விழுகிறது. ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/60 செக்கன் என்றால் ஒவ்வொரு துளியும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளக் கோடாகப் பதியும். கண்ணுக்கு மழையாகத் தெரிவது இந்தக் கோடுதான். 1/1000 வைத்தால் கோடு ஒரு சென்ரிமீற்றருக்குள் சுருங்கி, புள்ளிபோலாகி மறைந்துவிடும். போனில் 'புரோ' நிலை இருந்தால் 1/60 தெரிவுசெய்து போனை யன்னல் கட்டையில் ஊன்றிப் பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம். அருகில் விழும் துளிகளை அது வெள்ளை உருண்டைகளாக்கிப் படத்தைக் கெடுக்கும்.

ஈரத் திரை விரலைச் சரியாக உணராது. ஆகவே நனையும் முன்பே திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டு, சத்தம் கூட்டும் பொத்தானால் படம் எடுங்கள். நீர் புகாது என்று விற்கப்படும் போன்களும் நன்னீரில் சோதிக்கப்பட்டவை. அந்த உறுதி உப்புநீருக்குப் பொருந்தாது. நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள், அரிசிக்குள்ளும் புதைக்காதீர்கள், அரிசித் தூள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். சார்ஜ் துளை கீழே பார்க்க மெல்லத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வைத்தால் போதும்.

கேள்வி: சேம்பிலையில் நிற்கும் மழைத்துளியைக் கிட்டத்தில் எடுக்க ஆசை. துளிக்குள் பூ தெரிவதுபோன்ற படங்களைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி?
ஆசிரியை, தம்பலகாமம்

இந்தக் கேள்விக்கு நீட்டிப் பதில் சொல்லத்தான் வேண்டும். மாரி நமக்குத் தரும் ஆகச் சிறந்த காட்சி இதுதான்.

'தாமரை இலைத் தண்ணீர்போல' என்று ஒட்டாத உறவுக்குச் சொல்கிறோம். சேம்பிலையும் அதே குணம் உடையது. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் மெழுகும் இருப்பதால், துளி அந்த மேடுகளின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இடையில் காற்று அகப்பட்டு நிற்கிறது. அந்தக் காற்றுப்படலத்தில் பட்டு ஒளி திரும்பி வருவதுதான் துளியின் அடியில் தெரியும் வெள்ளித் தகடு. சற்றுச் சாய்ந்து, தாழ்வாகப் பார்த்தால் அது நன்றாகத் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் மறைந்துபோகும்.

நேரம் முக்கியம். இரவு மழை விட்டு, காற்று எழும்ப முதல் போய்விடுங்கள். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை ஆறேகால் அளவில் உதிக்கிறது. அதிலிருந்து ஒரு மணித்தியாலம் உங்களுக்குரியது.

துளிக்குள் பூ தெரிய, புல்நுனியிலோ கொடியிலோ தொங்கும் துளியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பின்னால், பூவின் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தில் ஒரு செவ்வரத்தம்பூவைக் குச்சியில் கட்டி நிறுத்துங்கள். துளி ஒரு குவிவு வில்லை, ஆகவே பூ அதற்குள் தலைகீழாகத் தெரியும். பூவை முதலிலேயே கவிழ்த்துக் கட்டிவிட்டால் படத்தில் நிமிர்ந்து வரும். பூ தூரப் போனால் உள்ளே புள்ளியாகும். கிட்ட வந்தால் துளியை நிறைத்து வழியும்.

பெரும்பாலானோர் தவறுவது குவியத்தில். துளியின் விளிம்பில் குவித்தால் உள்ளே இருக்கும் பூ மங்கிவிடும். பூவின் உருவம் உருவாகும் இடம் துளிக்குச் சற்று முன்னால், கமரா பக்கமாக உள்ளது. விளிம்பில் குவித்துவிட்டுக் கமராவை ஓரிரு மில்லிமீற்றர் பின்னுக்கு எடுத்தால் பூ சட்டென்று கூர்மையாகும். உண்மை அளவில் படம்பிடிக்கும் மக்ரோ லென்ஸில் துவாரத்தை எஃப் 8 என்று சுருக்கி வைத்தாலும் கூர்மை நிற்கும் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்குள்தான். அதனால் தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல அசைத்து அசைத்து எட்டுப் பத்துப் படங்கள் எடுங்கள், ஒன்று தேறும். எஃப் 16 தாண்டினால் ஆழம் கூடினாலும் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

தண்டு ஆடினால் உடுப்புக் கிளிப்பால் ஒரு குச்சியில் கவ்விப் பிடியுங்கள். இருண்ட பக்கத்துக்குக் கொப்பியின் வெள்ளைத் தாளைக் காட்டினால் போதும். கிளிசரின் தெளித்துத் துளி செய்கிறவர்களும் உண்டு. மழை தானாகக் கொண்டுவந்து வைக்கும் ஊரில் அது எதற்கு?

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை.
கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர், மூதூர்

அது பூஞ்சணம். உள்ளே இருக்கிறது, ஆகவே வெளியே துடைத்துப் பயனில்லை. லென்ஸின் பின்பக்கமிருந்து ரோச் அடித்து முன்னால் பாருங்கள். ஓரத்தில் மட்டும் மெல்லிய நூல்போல் இருந்தால் தெரிந்த திருத்துநர் கழற்றித் துடைத்துவிடுவார். நாட்கள் போகப்போகப் பூஞ்சணம் விடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், அந்தத் தழும்பு பிறகு போகாது. ஆகையால் தள்ளிப்போடாதீர்கள், மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்கவும் வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மாரியில் நம் வீடுகளுக்குள் அதைவிடக் கூடவே இருக்கும். 10 லீற்றர் அளவுள்ள, மூடியில் இறப்பர் வளையம் கொண்ட பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, 250 கிராம் சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஒன்று: இவ்வளவும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். 30க்குக் கீழே நீண்ட நாள் வைத்தால் உள்ளே இருக்கும் மசகும் இறப்பரும் காய்ந்துபோகும். செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். 110 முதல் 120 பாகை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் மீண்டும் வேலைக்கு வரும். நீல மணிகளில் கோபாற்று இருப்பதால் அவற்றைச் சமையல் சட்டியில் சூடாக்கவே கூடாது.

தோல் உறையும் பஞ்சு வைத்த கமராப் பையும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பை தூக்கிச் செல்வதற்கு, பெட்டி வைத்திருப்பதற்கு.

கேள்வி: மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். அங்கே ஐந்து மாதம் பனி, எல்லாம் செத்துக் கிடக்கிறது என்கிறாள். படம் எடுத்துப் பழகு என்றேன். எடுத்தால் பனி அழுக்காகத் தெரிகிறதாம், பற்றரியும் செத்துவிடுகிறதாம்.
ஒரு தாய், நிலாவெளி

அம்மா, நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறீர்கள். மகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

பனி அழுக்காவது முதல் கேள்வியில் சொன்ன அதே ஒளிமானிக் கணக்கால்தான். வெள்ளையைச் சாம்பலாக்குகிறது. +1 முதல் +1.7 வரை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வரும். பற்றரி சாகவில்லை, குளிரில் அதன் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகிறது. இரண்டாவது பற்றரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்து மாறிமாறிப் போட வேண்டும்.

வீட்டுக்குள் நுழையுமுன், வாசலில் நின்றே கமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் நீர் படியாது. இங்கே ஏசி அறையிலிருந்து கமராவோடு வெளியே வந்ததும் லென்ஸ் மூடுபனி பிடிப்பதும் இதே காரணத்தால்தான்: குளிர்ந்த கண்ணாடியில் ஈரக் காற்று படுகிறது. நமக்கு அரை மணித்தியாலம் பையில் இருந்தால் போதும்.

இன்னொன்று. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். நமக்குக் காலை எட்டு மணிக்கு நிற்கும் உயரம் அது. நாம் விடியலில் மட்டும் காணும் சாய்ந்த ஒளி, மேகம் விலகும் நாளில் அவளுக்கு முழுப் பகலும் கிடைக்கிறது. பனியில் காற்று வரைந்த அலைகளும், உலர்ந்த புல்லின் நீண்ட நிழலும் அந்த ஒளியில்தான் எழுந்து நிற்கும்.

பனி பெய்யும்போது கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டி, விழும் துகள்களை மக்ரோவில் எடுக்கலாம். குளிர் −15 பாகையை ஒட்டியிருக்கும்போது ஆறு கிளை நட்சத்திரங்கள் நன்றாக அமையும். மூச்சு படக்கூடாது, உடனே உருகிவிடும். அமெரிக்காவின் வேர்மண்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் இப்படி ஒரு பனித்துகளை முதன்முதலாக நுணுக்குக்காட்டி வழியாகப் படம்பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். அவருக்கும் அது செத்த காலமாக இருக்கவில்லை.

கேள்வி: வயலில் கொக்கை எடுத்தால் இறகின் வரியே தெரியாமல் வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது.
வாசகர், கந்தளாய்

பச்சைக்கு நடுவே சிறு வெள்ளை என்பதால் கமரா பச்சைக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிவிடுகிறது. −0.7 முதல் −1 வரை இறக்குங்கள். நிற்கும் பறவைக்கு 1/250, பறப்பதற்கு 1/1000. மப்பில் ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும் நீலவால் பஞ்சுருட்டானையும் ஆறுமணிக்குருவியையும் இப்போதே தேடுங்கள். பெரும்போகப் பயிர் நிற்கும் வரம்பில் ஏறுமுன் வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பறவை எழும்பினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: கடலுக்கு மேலே வானவில்லை முழுதாக எடுக்க எங்கே, எப்போது நிற்கவேண்டும்?
வாசகர், திருகோணமலை நகர்

சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறினால் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரியாது. டிசம்பர் கடைசியில் நமக்கு வில் தெரியக்கூடிய நேரம் சுமார் காலை 9.35க்கு முன்னும் பின்னேரம் 2.30க்குப் பின்னும் என்று கணக்காகிறது. வில் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் என்பதால் காலையில் நிலப்பக்கம், பின்னேரம் கடற்பக்கம். நான்கு மணிக்குப் பின் மேற்கே வானம் திறந்து, கடலில் மழை நிற்கிறது என்றால் டச்சுக்குடாக் கரைக்குப் போங்கள். வில்லின் இடதுகால் கோணமலைப் பக்கமாக இறங்கும். மாரிக்கடல் திடீரென்று பெரிய அலை ஒன்றை அனுப்பும், ஆகவே நனைந்த பாறையில் ஏறாமல் மணலிலேயே நில்லுங்கள்.

முழு வில் 84 பாகை அகலம். முழுச்சட்டகக் கமராவில் (பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் அளவு உணரி கொண்டது) 20 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அது விளிம்போடு விளிம்பாகத்தான் அடங்கும், 16 இருந்தால் நிம்மதி. போனில் அகலக் கோண லென்ஸுக்கு மாற்றுங்கள். போலரைசர் போட்டிருந்தால் கவனம்: ஒரு திருப்பில் வில் பளிச்சென்று எழும், அங்கிருந்து கால் வட்டம் திருப்பினால் அழிந்துபோகும். லென்ஸில் உப்புத்தூவல் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காமல், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.