ரொறன்ரோவில் கோ-ஒப் வீடு: காத்திருப்பதா, விட்டுவிடுவதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். வந்து இரண்டு வருசமாகிறது, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில் கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கிறீர்கள். கோ-ஒப், அதாவது குடியிருக்கிறவர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு வீட்டில் வாடகை குறைவு என்று கேள்விப்பட்டு நகரசபையின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிந்தீர்கள்; இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. ஏற்கனவே கோ-ஒப்பில் இருக்கிற உங்கள் சிநேகிதியோ, எப்போதும் கூட்டம், கையெழுத்து, கணக்கு, மகன் வேலைக்குப் போனதும் வாடகை ஏற்றம், இது வீடில்லை தலையிடி என்கிறா. இதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா, அல்லது ரொறன்ரோவுக்கு வெளியே அஜாக்ஸ் பக்கம் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஸ்காபரோவில் ஒரு கோ-ஒப்பில் பிள்ளைகளை வளர்த்தவள். கொஞ்சக் காலம் அதன் போர்ட்டிலும் (நிர்வாகக் குழு) இருந்தேன். உங்கள் சிநேகிதி சொல்வது பொய்யில்லை. ஆனால் அவ இரண்டு வேறு விசயங்களை ஒன்றாகப் போட்டுக் குழம்புகிறா. எங்கள் கட்டடத்தில் நடந்த சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வந்தவைதான். சப்சிடி, அதாவது வருமானத்துக்கு ஏற்ற குறைந்த கட்டணம், அரசாங்கத்தின் சட்டம், அதை நடத்துவது நகரசபை. கோ-ஒப் என்பது அங்கே குடியிருக்கிறவர்களின் சங்கம். எந்த முடிவை யார் எடுக்கிறார்கள் என்று தெரியாதவரைக்கும் ஆட்கள் ஒபிஸ் பெண்பிள்ளையோடுதான் சண்டை பிடிப்பார்கள். அவவோ இரண்டையும் தீர்மானிப்பவ இல்லை.

முதலில் காத்திருப்பு. ரொறன்ரோவின் பட்டியலில் 80,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு அறை வீட்டுக்குப் பத்து வருசத்துக்கு மேல் காத்திருக்கிறவர்கள் நிறைய. உங்களுக்கு இரண்டு மூன்று அறை வேண்டும், அதற்கும் வருசக்கணக்கில் ஆகும். "புதுசா வந்த ஆட்கள் வந்து நிரப்பிட்டினம்" என்று சிலர் உங்கள் முகத்துக்கு முன்னாலேயே சொல்வார்கள். அதைக் கேட்டு மனம் நோக வேண்டாம், ஏனென்றால் அது உண்மையில்லை. கனடாவில் கோ-ஒப் வீடுகள் பெருமளவில் கட்டப்பட்டது 1973-இல் தேசிய வீடமைப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, எழுபதுகளிலும் எண்பதுகளிலும். 83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த எங்கள் ஆட்களில் சிலருக்கு அந்த வீடுகள் கிடைத்தன. லான்ஸ்டவுன் பக்கம் வேட் அவென்யூவில் தமிழர் பெயரிலேயே ஒரு கோ-ஒப் இருக்கிறது. பிறகு 1992-இல் மத்திய அரசு புதிய கோ-ஒப்களுக்கான திட்டத்தை நிறுத்தியது. 1995-இல் ஒன்ராறியோவில் ஆட்சிக்கு வந்த ஹாரிஸ் அரசு மாகாணத் திட்டத்தையும் நிறுத்தியது. நகரம் வளர்ந்துகொண்டே போனது, வீடு கட்டுவது நின்றுவிட்டது. வரிசை நீண்டதற்கு அதுதான் காரணம். அந்த முடிவுகள் எடுக்கப்பட்டபோது நீங்கள் வன்னியில் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள்.

இப்போது மறுபடி கொஞ்சம் அசைகிறது. 2022 பட்ஜெட்டில் மத்திய அரசு கோ-ஒப் கட்டுவதற்கென்று 150 கோடி டொலர் அறிவித்தது. கெனடி ஸ்ரேசனுக்குக் கிட்ட, 2444 எக்ளின்ரன் கிழக்கில் 612 கோ-ஒப் வீடுகளுக்குத் திட்டம் இருக்கிறது. அதில் எல்லாமே சப்சிடி வீடுகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த விசயம் பலருக்குத் தெரியாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே கோ-ஒப்பில் இரண்டு விதமான ஆட்கள் இருப்பார்கள். சிலர் முழு மாதக் கட்டணம் கட்டுவார்கள். அது வெளியே கேட்கும் வாடகையைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் அங்கே லாபம் எடுக்க முதலாளி யாரும் இல்லை. மற்றவர்கள் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டுவார்கள், அதுதான் நாங்கள் சப்சிடி என்பது. நகரசபைப் பட்டியல் இந்தச் சப்சிடி வீடுகளுக்கானது. முழுக்கட்டண வீடுகளுக்கு ஒவ்வொரு கோ-ஒப்பும் தனித்தனியே பட்டியல் வைத்திருக்கும். பல பட்டியல்கள் மூடிக்கிடக்கும், திடீரென்று கொஞ்ச நாளுக்குத் திறப்பார்கள். உங்கள் கணவருக்கு நிரந்தர வேலை என்றால் அந்தப் பட்டியல்களையும் விட்டுவிடாதீர்கள். கோ-ஒப் ஒபிஸ்களுக்கு நேரே போன் பண்ணி, எப்போது திறப்பீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சப்சிடியில் இருப்பவர்கள் குடும்பத்தின் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 30 கட்ட வேண்டும். வரித்தாளில் வருசத்துக்கு 36,000 டொலர் நிகர வருமானம் என்றால் மாதம் 900 டொலர், அதோடு மின்சாரம், ஹீற்றிங் சம்பந்தமான சின்னக் கூட்டல் கழித்தல். பிள்ளைகளின் பால்காசு, அதாவது அரசாங்கம் தரும் பிள்ளை உதவிப்பணம், அந்தக் கணக்கில் வராது. முழுநேரம் படிக்கும் பிள்ளையின் சம்பளமும் வராது. உங்கள் சிநேகிதியின் மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருந்தால் அவனுடைய வருமானம் சேரும், கட்டணம் ஏறும். அது கோ-ஒப் போர்ட் செய்த அநியாயம் இல்லை, மாகாணச் சட்டம். ஆனால் அவன் இன்னும் கொலிஜில் முழுநேரம் படிக்கிறான், யாரோ கணக்கில் பிழை விட்டிருக்கிறார்கள் என்றால், அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்க அவவுக்கு உரிமை இருக்கிறது. கடிதத்தின் அடியில் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதை வாசிக்காமல் கடிதத்தைக் குசினி லாச்சிக்குள் போட்டுவிட்டு ஒபிஸில் போய்க் கத்தினால் நாள்தான் போகும்.

வருமானம் கூடினால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்களா என்ற பயத்தில் ஓவர்டைம் செய்யாமல் இருந்த ஆட்களை எனக்குத் தெரியும். பார்க்கவே கவலையாக இருக்கும். வருமானம் கூடிக்கூடி முழுக்கட்டணத்தைத் தொட்டு, 24 மாதம் தொடர்ந்து முழுக்கட்டணம் கட்டினால் சப்சிடி போகும், வீடு போகாது. கோ-ஒப் உறுப்பினராக அதே வீட்டில் இருந்து முழுக்கட்டணம் கட்டலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறத் தேவையில்லை. கோ-ஒப்பில் எனக்கு மிகப் பிடித்த விசயம் இதுதான்.

உண்மையில் மனதை உடைக்கிற சட்டம் வேறு ஒன்று இருக்கிறது. சப்சிடி எடுக்கிறவர்களுக்கு ஆட்களின் எண்ணிக்கைப்படிதான் அறைகள். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டால் மூன்று அறை வீட்டில் தனியே இருக்கிற தாயைச் சின்ன வீட்டுக்கு மாறச் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு அம்மா அப்படி மாற வேண்டி வந்தது. முற்றத்தில் வெண்டியும் மிளகாயும் போட்டு, அயல் பிள்ளைகளையெல்லாம் தன் பேரப்பிள்ளைகள் மாதிரிப் பார்த்தவ. அந்தப் பெரிய வீட்டுக்கு ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒன்று வருசக்கணக்கில் காத்திருந்தது என்பதும் உண்மைதான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தும் அந்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவவை அதே கோ-ஒப்புக்குள் இன்னொரு வீட்டுக்கு மாற்ற நாங்கள் பாடுபட்டோம், அதாவது நடந்தது.

ஊரில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சப்சிடி கிடைத்ததும், குடியிருக்கக்கூடிய வீடு உங்கள் பெயரில் இருந்தால் 180 நாளுக்குள் அதன் உரிமையை விட்டுவிட வேண்டும். ஒன்ராறியோவுக்கு வெளியே இருந்தாலும் இதே சட்டம்தான். அம்மா அப்பா சீதனமாக எழுதிக்கொடுத்த வீடு ஒன்று கிளிநொச்சியில் உங்கள் பெயரில் கிடந்தால், அதை மறைக்காமல், முதலே சட்ட உதவி மையம் ஒன்றில் விசாரியுங்கள். பிறகு தெரியவந்தால் பழைய சப்சிடியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இனி கோ-ஒப் பக்கம். இங்கே வீடு உங்களுடையது இல்லை, விற்க முடியாது, நினைத்தபடி இன்னொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது. ஆனால் வருசாந்த பட்ஜெட்டுக்குக் கை உயர்த்துவது நீங்கள், போர்ட்டைத் தெரிவு செய்வது நீங்கள். மாகாணம் வருசாவருசம் அறிவிக்கிற வாடகை உயர்வு எல்லை கோ-ஒப்புக்குப் பொருந்தாது, கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதை உறுப்பினர் கூட்டம்தான் தீர்மானிக்கும். இதைத் தெரியாமல் ஆட்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேராமல் கூட்டம் தள்ளிப்போகும், இரண்டாம் தடவை பத்துப் பதினைந்து பேர் கை உயர்த்தி முடிவெடுப்பார்கள். அடுத்த மாதம் கட்டணக் கடிதம் வந்ததும் கட்டடமே கொதிக்கும்.

ஆங்கிலம் பயம் என்று எங்கள் பெண்கள் பலர் பின்வரிசையில் பேசாமல் இருந்துவிட்டுப் போவார்கள். அப்புறம் கார் பார்க்கில் நின்று ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அவர்கள் கார் பார்க்கில் கதைத்தது எல்லாமே சரியான கேள்விகள்: கூரை திருத்த மூன்று விலை எடுத்தீர்களா, சேமிப்பு நிதியில் எவ்வளவு மிச்சம், போர்ட் உறுப்பினரின் உறவினர் கம்பனிக்கு ஏன் வேலை கொடுத்தீர்கள்? இவற்றைக் கூட்டத்தில் கேட்க வேண்டும். தமிழில் எழுதி வைத்து, பிள்ளையைக் கொண்டு ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னாலும் போதும். கணக்காய்வு செய்த நிதி அறிக்கையைப் பார்க்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

திருத்த வேலைகள் தாமதிப்பது உங்கள் சிநேகிதியின் பெரிய குறை என்று நினைக்கிறேன். அது நியாயமான குறை. பல கட்டடங்கள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. குழாய், யன்னல், கூரை எல்லாம் ஒரே காலத்தில் பழுதாகின்றன. நான் இருந்த இடத்திலும் சிங்குக்குக் கீழே ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுபடும். சாதாரண வாடகைக்காரர் என்றால் வீட்டு உரிமையாளர்–வாடகைக்காரர் தீர்ப்பாயத்தில் முறைப்பாடு செய்யலாம். கோ-ஒப் உறுப்பினருக்கு அந்த வழி இல்லை. 2014-க்குப் பிறகு கோ-ஒப் ஒருவரை வெளியேற்ற வேண்டும் என்றால் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகிறது, ஆனால் உறுப்பினர் தன் குறையைக் கொண்டு அங்கே போக முடியாது. இது சரியில்லை என்பதுதான் என் கருத்து. கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். அது மாறும்வரைக்கும், ஒவ்வொரு பழுதையும் திகதி போட்டு எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்திருங்கள். பதில் வராவிட்டால் நகரசபையின் கட்டடப் பரிசோதகர்களை 311 என்ற போன் நம்பரில் கூப்பிடலாம், கோ-ஒப் என்பதால் அவர்கள் வராமல் விடமாட்டார்கள்.

சப்சிடி எடுக்கிறவர்களைச் சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பதும் உண்டு, "எங்கட காசில இருக்கினம்" என்று. யார் சப்சிடி எடுக்கிறார் என்பது இரகசியமாக இருக்க வேண்டிய தகவல். போர்ட்டில் இருக்கிறவர் அதை வெளியே கதைத்தால் அது பெரிய பிழை, எழுத்தில் முறையிடுங்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்குத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

சரி, அஜாக்ஸ். போங்கள். பிள்ளைகளுக்கு வெளிச்சம் உள்ள வீடு இப்போதே வேண்டும், எட்டு வருசம் கழித்து இல்லை. அங்கே போனால் ரொறன்ரோப் பட்டியலில் உங்கள் பெயர் தானாக அழியாது. அஜாக்ஸ் இருக்கிற டுர்ஹம் பிராந்தியத்துக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, அதிலும் பதியுங்கள். ரொறன்ரோ நகரசபையின் பட்டியல் இணையத்தளத்தில் வருசம் ஒரு முறையாவது உள்ளே போய் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும், முகவரியும் போன் நம்பரும் மாறினால் உடனே மாற்ற வேண்டும். பழைய நம்பரை மாற்றாமல் விட்டதால் வந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். காலியாகும் வீடுகளை அந்த இணையத்தளத்தில் பார்த்து நீங்களே விருப்பம் தெரிவிக்க வேண்டும், சும்மா இருந்தால் வீடு தேடி வராது. ஆனால் போய் இருக்க மனமில்லாத இடத்துக்கு விருப்பம் தெரிவிக்காதீர்கள், கிடைத்த வீட்டை வேண்டாம் என்றால் பட்டியலில் இருந்தே பெயரை எடுத்துவிடலாம். கையில் காசாகக் கிடைக்கும் கனடா–ஒன்ராறியோ வீடமைப்பு உதவியைத் தருகிறோம் என்று கடிதம் வந்தால் நன்றாக யோசியுங்கள். அதை எடுத்தால் பட்டியலில் இருந்து விலக வேண்டிவரும். அஜாக்ஸில் நல்ல வீடு கிடைத்துவிட்டால், என்னைக் கேட்டால், அந்த உதவியை எடுப்பதே நல்லது.

வருமானம் இல்லாத வருசத்திலும் இருவரும் வரி பைல் பண்ணுங்கள், அந்தத் தாள் இல்லாமல் சப்சிடிக் கணக்கே பார்க்க மாட்டார்கள். ஆயிரம் இரண்டாயிரம் தந்தால் கோ-ஒப்பில் இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் ஊர் ஆளாக இருந்தாலும் சரி, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நகரசபைப் பட்டியலில் பதிவதற்குக் காசே இல்லை. சிநேகிதிக்கு வந்த கடிதத்தை வாசிக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில் பின்னேரம் நான் வீட்டில்தான் நிற்பேன்.