பதிவை மறையுங்கள், அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். கலியாணம் கட்டி ஏழு வருடத்துக்குப் பிறகு நானும் கணவரும் முதன்முறையாக எங்காவது போய் ஆறுதலாக இருந்துவிட்டு வருவோம் என்று ஜூன் மாதம் மாலைதீவின் மாஃபுஷித் தீவுக்குப் போனோம். நான்கு இரவு, ஐந்து நாள். வவுனியாவில் ஓர் ஏஜென்சிக்கு 460,000 ரூபா கட்டினோம். அவர் தந்த தாளில் ‘நான்கு ஒருநாள் சுற்றுலாக்கள் உட்பட’ என்று இருந்தது: கடல் நடுவே மணல்திட்டு, டொல்பின் பார்த்தல், ஒரு ரிசோர்ட் தீவில் ஒரு பகல், மாலே நகரம். நடந்தது மாலே மட்டும்தான். அதுவும் வெள்ளிக்கிழமை கூட்டிப்போனார்கள், எல்லாம் பூட்டியிருந்தது. மற்ற மூன்றுக்கும் போட் வரவேயில்லை. கேட்டால் கடல் சரியில்லை என்றார்கள். நாலாம் நாள் நாங்களே வேறொரு போட்காரருக்கு 120 டொலர் கொடுத்து மணல்திட்டுக்குப் போய் வந்தோம். அறையில் இரண்டு தனிக் கட்டில். கிறீன் டாக்ஸ் என்று மேலதிகமாகவும் காசு வாங்கினார்கள். ஜூன் 24 திரும்பி வந்தோம். கோபத்தில் கணவர் ஏஜென்சிக்காரரின் படத்தோடு முகநூலில் எழுதிவிட்டார். இப்போது அவர் 85,000 ரூபா தருகிறேன், இந்தத் தாளில் கையெழுத்து வையுங்கள் என்கிறார். லண்டனில் இருக்கும் அத்தான், மன உளைச்சலுக்கே இருபது இலட்சம் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

ரீச்சர், நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். மேலே இருப்பது அதன் சுருக்கம். அந்த நான்கு பக்கத்தில் கட்டிலுக்கு ஒரு பக்கம், சாப்பாட்டுக்கு அரைப் பக்கம் போயிருக்கிறது. 120 டொலருக்கு ஒரே ஒரு வரி. அந்த வரிதான் உங்கள் வழக்கு.

ஏஜென்சிக்காரரின் ஒரே பதில் காலநிலை. ஜூன் மாதத்தில் மாலைதீவில் தென்மேல் பருவக்காற்று அடிக்கும், கடல் குழம்பும், இது உண்மை. மன்னார்க் கரையில் சோளகம் எழும்பினால் வள்ளம் இறங்காதது போலத்தான். ஆனால் அதே தீவில், அதே நாளில், அதே மணல்திட்டுக்கு இன்னொரு போட் உங்களை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதற்குத் திகதி போட்ட பற்றுச்சீட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துண்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். இப்படியான துண்டுகளில் மை சில மாதங்களிலேயே மங்கிவிடும்.

மற்ற இரண்டு நாளும் கடல் உண்மையாகவே மோசமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் முழுதாகத் தப்ப முடியாது. எங்களுடைய உரோம டச்சுச் சட்டத்தில், செய்ய முடியாமற் போன வேலைக்கு ஒருவர் நட்டஈடு கட்டாமல் தப்பலாம், ஆனால் செய்யாத வேலைக்கு வாங்கிய காசை வைத்துக்கொள்ள முடியாது. காலநிலை மாறினால் காசு திரும்பாது என்று ஒரு வரி தாளில் இருந்தால் கதை வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படி எதுவும் இல்லை. பின்பக்கமும் வெறுமையா என்று ஒருமுறை பாருங்கள்.

மிச்சத்தை விட்டுவிடுங்கள். கட்டில் பற்றித் தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை. வெள்ளிக்கிழமை மாலைதீவில் வார விடுமுறை. 1658 இல் பவளக்கல்லால் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை வெளியே நின்று பார்த்ததையும் நகரச் சுற்றுலா என்றுதான் எடுப்பார்கள். கிறீன் டாக்ஸ் அந்நாட்டு அரசின் வரி. 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லம் என்றால் ஒருவருக்கு ஓரிரவுக்கு 6 டொலர். உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 48 டொலர், அவ்வளவுதான் வாங்கியிருக்கிறார்கள். இவற்றை எல்லாம் முறைப்பாட்டில் அடுக்கினால் உங்கள் நல்ல விடயம் அடியில் புதைந்துபோகும்.

அத்தான் சொன்னது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. இங்கிலாந்தில் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் என்று 1972 இல் ஒரு தீர்ப்பு உண்டு. நத்தார் விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்து போய் ஏமாந்து வந்தவருக்கு, சந்தோசம் கெட்டதற்கும் சேர்த்து 125 பவுண் கொடுத்தார்கள். அது ஆங்கிலச் சட்டம். இங்கே ஒப்பந்தத்தை மீறியதற்குப் பொதுவாகப் பண நட்டம்தான் கிடைக்கும், மனவருத்தத்துக்கு விலை போட மாட்டார்கள். இருபது இலட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஏழு வருடம் பொறுத்து எடுத்த ஐந்து நாள் அது, எனக்கு விளங்குகிறது. ஆனால் நீதிமன்றம் அதைத் திருப்பித் தராது.

பொலிசில் ஏமாற்று என்று முறையிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காசு வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்டவேண்டும். அறை கொடுத்து, விமானச் சீட்டுக் கொடுத்து, ஒரு சுற்றுலாவும் கொடுத்தவர்மேல் அது நிற்காது. சிவில் விடயம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி எனக்குப் பயமாக இருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

உங்கள் கணவரின் பதிவைப் பார்த்தேன். போட் வராதது, தாளில் என்ன இருந்தது, எவ்வளவு கட்டினோம் என்று முதல் ஏழு வரியும் நேர்மையாக இருக்கின்றன. எட்டாவது வரியில் ‘கள்ளன்’ என்று ஒரு சொல். அதற்குக் கீழே கடை வாசலில் மனைவி பிள்ளைகளோடு அவர் நிற்கும் படம், தொலைபேசி இலக்கம். அதன் கீழே ஊர்ச்சனம் எழுதியவற்றை இங்கே சொல்ல விரும்பவில்லை. முதல் ஏழு வரிக்காக யாரும் உங்கள்மேல் வழக்குப் போட மாட்டார்கள். அந்த எட்டாவது வரிக்குப் போடலாம்.

அவதூறு இலங்கையில் குற்றமாக இல்லை, 2002 இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பலர் பயமில்லாமல் எழுதுகிறார்கள். சிவில் வழக்கு அப்படியே இருக்கிறது. அதில், ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்பது மட்டும் போதாது. சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று இரண்டையும் காட்டவேண்டும். பிள்ளைகளின் படத்தைப் போட்டதில் என்ன பொது நன்மை என்று கேட்டால் உங்கள் கணவரிடம் பதில் இருக்காது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கடிதத்தில் சேர்த்து எழுதுவார்.

முறிகண்டிப் பக்கத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். கதவு நிலை செய்யக் கொடுத்த தச்சரோடு 40,000 ரூபாத் தகராறு. நியாயம் முழுக்க இவர் பக்கம்தான். பொறுக்க முடியாமல் முகநூலில் எழுதினார். மூன்று கிழமையில் ஐம்பது இலட்சம் கேட்டுக் கோரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பிறகு அந்த 40,000 பற்றி யாரும் பேசவில்லை. மூன்று வருடம் தவணைக்குத் தவணை வேலையை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் நின்றார். கடைசியில் மன்னிப்புக் கேட்டு, காசும் கொடுத்து முடித்தார். நிலை இன்னும் பூட்டாமல்தான் கிடக்கிறது.

அதனால்தான் ஏஜென்சிக்காரர் தந்த தாளை மூன்று முறை வாசித்தேன். அதில் மூன்று வரிதான். ‘பயணம் தொடர்பான எனது எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன.’ சரி, இதில் பிரச்சினை இல்லை. ‘முகநூலில் இட்ட உண்மைக்குப் புறம்பான பதிவை அகற்றுவேன்.’ இந்த வரியைப் பாருங்கள் ரீச்சர். பதிவு பொய் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பது போன்றது இது. மூன்றாவது வரி 85,000 ரூபா பெற்றுக்கொண்டதற்கு.

உங்கள் பக்கக் கதவை அவர் பூட்டுகிறார், தன் பக்கக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். பதிவு பற்றி நான் வழக்குப் போடமாட்டேன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. அவதூறு வழக்குக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. இன்று 85,000 வாங்கிக் கையெழுத்து வைத்தால், அடுத்த வருடம் இதே தாளை அவர் சான்றாக நீதிமன்றத்தில் போடலாம். உங்களிடம் அப்போது எதிர்க்கோரிக்கை செய்ய ஒன்றும் மிஞ்சாது. வேண்டுமென்றே எழுதினாரா, யாரோ பழைய படிவத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்களா தெரியாது. விளைவு ஒன்றுதான்.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். ஒரு போட் பயணத்துக்கு 120 டொலர் கொடுத்தீர்கள். மூன்றும் சேர்ந்து ஓர் இலட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். வழக்கில் வென்றாலும் அதற்குமேல் பெரிதாக வராது. மத்தியஸ்த சபைக்கும் பிறகு நீதிமன்றத்துக்கும் நீங்கள் எடுக்கும் லீவையும் பஸ் காசையும் கூட்டிப் பாருங்கள். ஓர் இலட்சம் கேளுங்கள், 85,000 இல் நின்றால் வாங்குங்கள். தாளை மட்டும் மாற்றி எழுதவேண்டும். ‘உண்மைக்குப் புறம்பான’ என்ற சொல் போகவேண்டும். பதிவைப் பற்றி இனி எந்த நடவடிக்கையும் எடுக்கமாட்டேன் என்று அவரும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். பதிவு உங்கள் கணவருடையது, ஆகவே அவருடைய கையெழுத்தும் இருக்கவேண்டும், உங்களுடையது மட்டும் போதாது. காசு வங்கிக் கணக்குக்கு வந்த பிறகே கையெழுத்து. பின்திகதியிட்ட காசோலை தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது திரும்பினால் இன்னொரு வழக்குக்கு நீங்கள் அலையவேண்டும்.

பதிவை இன்றிரவே மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன் பின்னூட்டங்களோடு முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். மன்னிப்பு என்று வட்ஸ்அப்பில் ஒன்றும் எழுதவேண்டாம், விளக்கமும் எழுதவேண்டாம். கோபத்தில் எழுதியதைவிடப் பயத்தில் எழுதுவதுதான் ஆளை மாட்டிவிடும்.

இன்னொன்று. பேச்சுவார்த்தை இழுபடும். ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று அவர் சொல்லச் சொல்ல நாள் போகும். பாவனையாளர் அதிகார சபைக்கு முறைப்பாடு, சேவை வழங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு. காசைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, அதற்கு நீங்கள் சட்டத்தரணி பிடிக்கவும் தேவையில்லை. நீங்கள் திரும்பியது ஜூன் 24. போட் வராத நாள்கள் அதற்கும் முந்தியவை. ஆகவே செப்டம்பர் நடுப்பகுதி வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் முறைப்பாடு இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் போகட்டும். அந்த 120 டொலர்ப் பற்றுச்சீட்டின் பிரதியை முதல் இணைப்பாக வையுங்கள், கட்டிலைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.