பின்னத்தைத் தொகையிட ஒரு பொது விதி உண்டா?

வகையிடலில் (டிஃபரன்ஷியேஷன்) வகுத்தல் விதி இருக்கிறதே, அதைத் திருப்பிச் செய்யும் தொகையிடலில் (இன்டக்ரேஷன்) ஏன் இல்லை, மேலே உள்ள தொகுதியையும் கீழே உள்ள பகுதியையும் தனித்தனியாகத் தொகையிட்டு வகுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மாலையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வருடம் தவறாமல் வரும் கேள்வி இது, கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

முதலில் செய்தே பார்த்துவிடலாம். எக்ஸ்²/எக்ஸ் என்பது வெறும் எக்ஸ்தான். அதன் தொகை எக்ஸ்²/2. நீங்கள் சொல்கிறபடி போனால் மேலே எக்ஸ்³/3, கீழே எக்ஸ்²/2, வகுத்தால் 2எக்ஸ்/3. இதைத் திரும்ப வகையிட்டால் 2/3தான் வருகிறது, எக்ஸ் வரவில்லை. சரி, வகுத்தல் விதியையே திருப்பிப் போட்டால்? பின்னம் அந்த விதியிலிருந்து பிறந்த வடிவிலேயே இருந்தால் மட்டும் உதவும். அது அபூர்வம்.

அதனால் பிள்ளைகளிடம் நான் சொல்வது, பகுதியை வகையிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுது, பிறகு தொகுதியைப் பார். ஓரத்தில் எழுதியதே மேலேயும் இருந்தால் விடை பகுதியின் லாக். பகுதி எக்ஸ்² + 1 என்றால் ஓரத்தில் 2எக்ஸ். மேலே எக்ஸ் இருந்தால் அது அந்த 2எக்ஸில் பாதி, ஆகவே விடை (1/2) லாக் (எக்ஸ்² + 1). மேலே வெறும் 1 என்றால் அந்த உறவே இல்லை, விடை டேன் இன்வெர்ஸ் எக்ஸ். மேலே எக்ஸ்² என்றால் தொகுதியில் 1ஐக் கூட்டி 1ஐக் கழியுங்கள். பின்னம் 1 − 1/(எக்ஸ்² + 1) என்று பிரிந்துவிடும், விடை எக்ஸ் − டேன் இன்வெர்ஸ் எக்ஸ். (மாறிலியை எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) மூன்றிலும் பகுதி ஒன்றேதான். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றி 1/(எக்ஸ்² − 1) போடுங்கள். பகுதி (எக்ஸ் − 1)(எக்ஸ் + 1) என்று உடையும். பகுதிப் பின்னமாக்கினால், அதாவது அந்த இரண்டும் தனித்தனியே கீழே வரும்படி இரு பின்னங்களாகப் பிரித்தால், டேன் இன்வெர்ஸுக்கு இடமே இல்லை, லாக்தான் வரும்.

ஈ (e) என்ற எண்ணின் எக்ஸ் அடுக்கை எக்ஸால் வகுத்தால் வரும் பின்னம் பார்க்கச் சாதுவாக இருக்கும். அடுக்கு, லாக், முக்கோணவியல் என்று நாம் படித்த சார்புகளை எப்படிக் கோர்த்தாலும் அதன் தொகையை எழுத முடியாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியூவில் 1830களில் நிரூபித்தார். இத்தனைக்கும் தொகுதியையும் பகுதியையும் தனியாகத் தொகையிடுவது மிக எளிது. நீங்கள் கேட்கும் பொது விதி இருந்திருந்தால் இதற்கும் ஒரு விடை வந்திருக்க வேண்டும்.