கஸ்பரோவ்: சதுரங்கப் பலகையும் வேட்புமனுவும் – வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கிளிநொச்சி, உயர்தர மாணவன்): அண்ணை, கஸ்பரோவ் சம்பியனா இருக்கேக்கையே அரசியலுக்குப் போனவரா, இல்லாட்டித் தோத்தாப் பிறகு போனவரா?

பதில்: முழுநேரமாக அரசியலில் இறங்கியதைக் கேட்டால், இரண்டும் இல்லை, தம்பி. ரஷ்யச் சதுரங்க வீரரான கஸ்பரோவ் 1985இல், 22 வயதில், அப்போதைய சம்பியன் கார்போவை வென்று எடுத்த உலகப் பட்டம் 2000இல் இலண்டனில் இன்னொரு ரஷ்யரான கிராம்னிக்கிடம் போனது. 15 ஆட்டங்களில் கஸ்பரோவுக்கு ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை, முடிவு 8.5–6.5. கிராம்னிக் கறுப்புக் காய்களோடு பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க முறையை எடுத்து ராணிகளை ஆரம்பத்திலேயே மாற்றிவிட்டார். தாக்கி ஆடுபவருக்குத் தாக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் தரப்புள்ளிப் பட்டியலில் முதலிடம் அதற்குப் பிறகும் கஸ்பரோவிடமே இருந்தது. 2005 மார்ச் 10ஆம் திகதி, ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியை வென்ற கையோடு தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகினார். வயது 41. முதலாம் இடத்தில் நின்றபடியே எழுந்து எதிரணி அரசியலுக்குப் போனவர் அவர்.

கேள்வி (மாங்குளம்): 1984இல கார்போவோட ஆடின போட்டியைப் பாதியில நிப்பாட்டினவையாமே. ஏன்?

பதில்: அவருடைய அரசியலின் வேர் அங்கேதான் என்பது என் கணிப்பு. முதலில் ஆறு ஆட்டம் வெல்பவருக்குப் பட்டம், சமநிலைக்குக் கணக்கில்லை என்பது அந்தப் போட்டியின் விதி. எத்தனை ஆட்டம் என்று எல்லை வைக்கவில்லை, பிழை அதில்தான். 27 ஆட்டம் முடிய கார்போவ் 5–0. பிறகு கஸ்பரோவ் 32ஆம், 47ஆம், 48ஆம் ஆட்டங்களை வென்றார். மொத்தம் 48 ஆட்டம், அதில் 40 சமநிலை. 1985 பெப்ரவரி 15 அன்று சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத் தலைவர் கம்பொமானெஸ், ஆட்டக்காரர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லிப் போட்டியை நிறுத்தினார். கஸ்பரோவ் எல்லோர் முன்னிலையிலும் அதை எதிர்த்தார். அதே ஆண்டு புதிதாக நடந்த போட்டிக்கு 24 ஆட்டம் என்று எல்லை வைத்தார்கள். 13–11 என்று கஸ்பரோவ் வென்றார்.

கேள்வி (முல்லைத்தீவு): 2008 ஜனாதிபதித் தேர்தலில அவர் நிக்கப் போறார் எண்டு அறிவிச்சும் கடைசியில பேர் வரேல்லை. பயந்து விலகினவரா?

பதில்: பயந்து விலகவில்லை. மண்டபம் கிடைக்காமல் விலகினார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்றைய ரஷ்யச் சட்டப்படி, நாடாளுமன்றத்தில் இடமுள்ள கட்சியின் வேட்பாளருக்குக் கையொப்பம் தேவையில்லை. தனியாக நிற்பவருக்கு இரண்டு படி. முதலாவது, குறைந்தது 500 ஆதரவாளர்கள் ஓரிடத்தில் கூடி அவரை முன்மொழிய வேண்டும். இரண்டாவது, 20 இலட்சம் கையொப்பம். ஒரு பிராந்தியத்திலிருந்து 50,000க்கு மேல் எடுபடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், குறைந்தது 40 பிராந்தியங்களில் ஆள் வைத்து வேலை செய்ய வேண்டும். அதையும் ஜனவரி நடுப்பகுதிக்குள், புத்தாண்டு விடுமுறைக்கு இடையில் முடிக்க வேண்டும்.

கஸ்பரோவின் ஆட்கள் முதற்படியிலேயே தடுக்கப்பட்டார்கள். 500 பேர் கொள்ளும் மண்டபத்தை மொஸ்கோவில் ஒருவரும் அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கவில்லை. 2007 டிசம்பரில் அவர் விலகியதற்குச் சொன்ன காரணம் இதுதான். முதற்படியைத் தாண்டிய முன்னாள் பிரதமர் கசியானோவ் இரண்டாவதில் விழுந்தார்: 13 வீதத்துக்கு மேலான கையொப்பங்கள் செல்லாது என்று அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் நாட்டை எடுங்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். இங்கே சுயேச்சைக்குள்ள தடை வேறு: அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும்.

கேள்வி (வவுனியா): கார்போவும் அரசியல்வாதி எண்டு கேள்விப்பட்டன். ரெண்டு பேரும் இன்னும் எதிரிகளோ?

பதில்: அரசியலில் எதிரெதிர்க் கரை. கார்போவ் 2011இலிருந்து ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யாவின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் 2007 நவம்பரில், ஊர்வலம் ஒன்றில் பிடிபட்டு கஸ்பரோவ் ஐந்து நாள் உள்ளே இருந்தபோது, பார்க்க வந்தவர்களில் கார்போவும் ஒருவர். உள்ளே விடவில்லை. வந்தாரே, அது பெரிய விசயம். 2010இல் கார்போவ் சம்மேளனத் தலைவர் பதவிக்கு நின்றபோது கஸ்பரோவ் அவருக்காக வேலை செய்தார்.

கேள்வி (மல்லாவி): 2014இல கஸ்பரோவே அந்தப் பதவிக்கு நிண்டு தோத்தவர். உலகமே அறிஞ்ச ஆள், எப்பிடித் தோக்கலாம்?

பதில்: ஒரு நாட்டுச் சங்கத்துக்கு ஒரு வாக்கு. ரஷ்யாவுக்கும் ஒன்று, இலங்கைக்கும் ஒன்று. ரசிகர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. சிறிய சங்கங்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய அப்போதைய தலைவர் இலியும்ஷினோவுக்கு 110 வாக்கு, கஸ்பரோவுக்கு 61.

கேள்வி (புதுக்குடியிருப்பு, மாணவி): பெண் கிராண்ட்மாஸ்டர்கள் ஆரும் அரசியலில வெண்டிருக்கினமோ அண்ணா?

பதில்: நன்றாகவே வென்றிருக்கிறார்கள், தங்கச்சி. லித்துவேனியாவின் விக்டோரியா சிமிலிடே-நீல்சன் 2010இல் கிராண்ட்மாஸ்டர், 2011இல் ஐரோப்பிய மகளிர் சம்பியன். 2015இல் நாடாளுமன்ற உறுப்பினர். 2020 முதல் 2024 வரை சபாநாயகர். கட்சிக்குள் படிப்படியாக வந்தவர் என்பதைக் கவனியுங்கள். மகளிர் கிராண்ட்மாஸ்டரான லாட்வியாவின் டானா ரெய்ஸ்னிஎசே-ஒசோலா நிதியமைச்சராக இருந்துகொண்டே 2016 பாகு ஒலிம்பியாட்டில் உலக மகளிர் சம்பியன் ஹூ யிஃபானைத் தோற்கடித்தார்.

கேள்வி (மல்லாவி, பாடசாலைச் சதுரங்கப் பொறுப்பாசிரியர்): கஸ்பரோவின் ஆட்டங்களில் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

பதில்: 1985 போட்டியின் 16ஆவது ஆட்டம், சேர். கறுப்பில் ஆடிய கஸ்பரோவ் எட்டாவது நகர்வில் டி5இல் ஒரு சிப்பாயைப் பலி கொடுக்கிறார். 16ஆவது நகர்வில் குதிரை டி3இல் போய் உட்காருகிறது. அந்த இடத்தில் பலகையை நிறுத்தி, வெள்ளையின் ஒவ்வொரு காயும் எங்கே போகலாம் என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டைகளுக்கு வழியில்லை, குதிரைகளுக்கும் நல்ல கட்டம் இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஆனால் அந்தத் தொடக்கத்தை மனப்பாடமாக்கிப் போட்டிக்கு அனுப்ப வேண்டாம். 12ஆவது நகர்வில் வெள்ளை கோட்டை கட்டாமல் மந்திரியை ஈ3க்கு வைத்தால் கறுப்புக்குப் பலியின் பலன் கிடைக்காது. 1986இல் பிரசல்ஸில் கார்போவ் அதையே ஆடிக் காட்டினார். அந்த 16ஆவது ஆட்டத்தைக் காட்டிய அடுத்த கிழமை இதையும் காட்டுங்கள்.