கடல் எச்சரிக்கை: எதை நம்புவது?

கேள்வி: “நாளை கடல் ஊருக்குள் வரும்” என்று ஒரு வீடியோ எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. உடனே, “அதெல்லாம் சும்மா, நல்ல வெயில் அடிக்குது, யாரும் பயப்படாதீங்க” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எதை நம்புவது?
– வாசகி, குளச்சல்

பதில்: இரண்டையும் சரிபார்க்க வேண்டும். அதிலும் அந்த வாய்ஸ் மெசேஜை முதலில். வெயில் அடிக்கிறது என்பதால் கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் கரையேறும் பேரலை, வராது என்று சொல்லவே முடியாது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்று எழுப்பிய அலைகள் சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றோ மேகமோ இருக்க வேண்டியதில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

இந்த எச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம். வெளியிட்ட தேதி, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்பதுபோல் கரையின் எல்லை, மீட்டரில் அலை உயரம் ஆகியவை அதில் இருக்கும். இவை இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். இவற்றில் சில இருந்தால் மட்டும் போதாது; தேதியை வெட்டிவிட்டுப் பழைய அறிவிப்பையே மறுபடி சுற்றவிடுவார்கள். அதனால் இன்காய்ஸ் இணையதளத்தையோ அவர்களுடைய ‘சமுத்ரா’ ஆப்பையோ திறந்து ஒப்பிடுங்கள். நெட் கிடைக்காவிட்டால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

வீடியோவின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அது மெய்யா பொய்யா என்பதை அந்தக் குறி சொல்லாது. கட்டடமோ பெயர்ப்பலகையோ தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒட்டிய எழுத்துகளை வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் போடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் தெரியும் படத்தைப் போட்டால் உலகத்துக் கடலெல்லாம் வந்து நிற்கும். 2011 ஜப்பான் சுனாமிக் காட்சிகளே புதிய பெயரில் திரும்ப வருவதுண்டு.

எச்சரிக்கைக்கென்று தனிக் குழு வைத்து, அட்மின்கள் மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள். கடலுக்குப் போகாத ஒருவரும் அட்மினாக இருக்கட்டும். படமாக அனுப்பாமல், தேதியும் நேரமும் சேர்த்து எழுத்தாக அனுப்பினால் கோயில் மைக்கில் அப்படியே வாசிக்கலாம்.

கேள்வி: “தடைக்கால நிவாரணம் பெற இதை இன்ஸ்டால் செய்யவும்” என்று ஒரு ஏபிகே ஃபைல் வந்திருக்கிறது.
– வாசகர், முட்டம்

பதில்: தொடாதீர்கள். ஏபிகே என்பது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாகப் போனில் ஆப் போடும் ஃபைல். நிவாரணம் நேரே வங்கிக் கணக்கில் ஏறும். பணம் வாங்க யுபிஐ பின் எங்கேயும் தேவையில்லை. இத்தகைய ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி திருடன் கைக்குப் போய்விடும். ஏற்கெனவே போட்டுவிட்டால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, ஏரோபிளேன் மோடு போடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் அழையுங்கள். அனுப்பியவர் எண்ணும் ஃபைல் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே ஆப்பை நீக்குங்கள். புகாருக்கு அது வேண்டும்.